இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

ஏரி என்று யாராவது சொன்னால் எனக்குத் தைப்பிங் லேக் கார்டன்தான் ஞாபகத்துக்கு வரும். சாலையைத் தாண்டிக் கிளை நீட்டித் தண்ணீரைத் தொடும் தூங்குமூஞ்சி மரங்கள், காலையில் நடக்க வருகிறவர்கள், ஒரு சுற்று முடித்ததும் எடுக்கும் பசி. அவ்வளவுதான் ஏரி. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் வேலை பார்க்கும் என் தம்பி, “ஏரியில ஒரு கலங்கரை விளக்கம் இருக்கு அக்கா, போயிட்டு வரலாம்” என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏரிக்கு எதற்குக் கலங்கரை விளக்கம்?

அந்த ஏரிக்குப் பெயர் லேக் சுப்பீரியர். பரப்பளவு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். நம் சபா மாநிலம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும், அப்புறமும் இடம் மிச்சமிருக்கும். ஆழமான இடத்தில் 406 மீட்டர். அங்கே கே.எல். டவரைக் கொண்டுபோய் நட்டால் உச்சி மட்டும் கொஞ்சம் வெளியே தெரியும். நல்ல தண்ணீர் ஏரிகளில் பரப்பளவில் உலகிலேயே இதுதான் பெரியது என்கிறார்கள். அந்தப் பகுதியின் பழங்குடி மக்களான ஓஜிப்வே இனத்தார் இதை ‘கிச்சிகாமி’ என்கிறார்கள். பெருங்கடல் என்று பொருள். கரையில் நின்று பார்த்தால் அவர்கள் சொன்னதுதான் சரி என்று தோன்றும். எதிர்க்கரை தெரியாது. அலை அடிக்கும். உப்பு வாசனை மட்டும் இருக்காது.

இரும்புத் தாதை ஏற்றிக்கொண்டு முந்நூறு மீட்டர் நீளக் கப்பல்கள்கூட இந்த ஏரியில் போகின்றன. மினசோட்டாவின் சுரங்கங்களிலிருந்து தாது வரும், டுலூத், டூ ஹார்பர்ஸ் போன்ற துறைமுகங்களில் கப்பலில் ஏற்றுவார்கள், கிழக்கே இருக்கும் எஃகு ஆலைகளுக்குப் போகும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதுதான் நடக்கிறது. கலங்கரை விளக்கம் வந்ததும் இந்தத் தாதினால்தான்.

நாங்கள் போன அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அம்மா தவறி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா பேராக்கில் தனியாக இருப்பது தம்பிக்குப் பிடிக்கவில்லை. மூன்று மாதம் இங்கே வந்து இருக்கட்டும், பிடித்தால் நிரந்தரமாக இருக்க ஏற்பாடு செய்யலாம் என்று டிக்கெட் எடுத்து அனுப்பினான். துணைக்கு நான் வந்தேன்.

வந்த முதல் வாரம் அப்பா ராத்திரியில் தூங்கவில்லை. நேர மாற்றம் என்று விட்டுவிட்டோம். இரண்டாவது வாரமும் தூங்கவில்லை. பன்னிரண்டுக்கு எழுவார், இரண்டுக்கு எழுவார், நாலுக்கு எழுவார். ஹாலில் ஜன்னல் பக்கம் போய் நிற்பார், திரும்ப வந்து படுப்பார். தம்பிக்குப் பயம் வந்துவிட்டது. அம்மா போன கவலை மனசைத் தின்கிறது என்று அவன் முடிவு கட்டினான். டாக்டரிடம் கூட்டிப்போய்த் தூக்க மாத்திரை எழுதி வாங்கினான். அந்த டப்பா மூடி திறக்கப்படாமல் சாப்பாட்டு மேசையிலேயே இருந்தது. அப்பாவைக் கேட்டால், “எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க போய்ப் படுங்க” என்பார். அப்பாவுக்கு அப்போது வயது 74.

வெள்ளிக்கிழமை, நவம்பர் 10, தம்பி விடுப்பு எடுத்தான். அவன், அவன் மனைவி, ஆறு வயது மகள், அப்பா, நான் என்று ஐந்து பேரும் காரில் கிளம்பினோம். மினியாபொலிஸிலிருந்து ஸ்ப்ளிட் ராக் என்ற அந்த இடத்துக்குச் சுமார் 320 கிலோமீட்டர். ஏறக்குறைய கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு போகிற தூரம். டுலூத் வரை நெடுஞ்சாலை. அதன் பிறகு ஏரியை வலது பக்கம் வைத்துக்கொண்டு 61ஆம் எண் சாலையில் வடகிழக்கே போக வேண்டும். இலை உதிர்ந்த மரங்கள், கறுப்புப் பாறை, சாம்பல் நிறத் தண்ணீர். ரசிக்கத்தக்க இடம்தான், ஆனால் நவம்பரில் அந்தக் குளிரில் காரை விட்டு இறங்க மனசு வராது. நான் மூன்று சட்டை போட்டிருந்தேன். அப்பா, தம்பி வாங்கிக் கொடுத்த தடித்த ஜாக்கெட்டுக்கு மேல் தன் பழைய மப்ளரையும் சுற்றிக்கொண்டார்.

ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கத்தைக் காலண்டரிலோ நாட்காட்டி அட்டையிலோ நீங்கள் பார்த்திருக்கக் கூடும். தண்ணீரிலிருந்து நேராக எழும் நாற்பது மீட்டர் செங்குத்துப் பாறை. அதன் விளிம்பில் எண்கோண வடிவில், வெளிர் மஞ்சள் செங்கல்லில், கறுப்புத் தொப்பி போட்ட ஒரு சின்னக் கோபுரம். சின்னது என்றுதான் சொல்ல வேண்டும். கோபுரத்தின் உயரம் 54 அடிதான், நம் ஊர் ஐந்து மாடி அடுக்குமாடி வீட்டை விட உயரமில்லை. பாறை தூக்கிப் பிடித்திருப்பதால் விளக்கு ஏரி மட்டத்திலிருந்து 168 அடி உயரத்தில் இருக்கிறது.

அது ஏன் அங்கே வந்தது என்பதற்கு 1905க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 28ஆம் தேதி வீசிய புயலில் இந்த ஏரியில் 29 கப்பல்கள் சேதமாயின. ‘மத்தாஃபா’ என்ற கப்பல் டுலூத் துறைமுக வாசலிலேயே தட்டி நின்றது. கரையில் ஆயிரக்கணக்கானோர் தீ மூட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கப் பார்த்து நின்றார்கள். அவ்வளவு பக்கம். ஆனால் அலையைத் தாண்டிப் படகு போக முடியவில்லை. விடிந்தபோது கப்பலில் ஒன்பது பேர் உயிரோடு இல்லை, பலர் குளிரில் உறைந்தே போயிருந்தார்கள். அதே புயலில், இப்போது கலங்கரை விளக்கம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ‘மடேரா’ என்ற இழுவைக் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. ஃபிரெட் பென்சன் என்ற மாலுமி கயிற்றோடு பாறைக்குத் தாவி, செங்குத்தாக ஏறி, மேலிருந்து கயிற்றை இறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார். ஒருவர் மட்டும் இறந்தார்.

சேதமான கப்பல்களில் பல ஒரே பெரிய எஃகு நிறுவனத்தின் கப்பல் கூட்டத்தைச் சேர்ந்தவை, அவற்றுக்குக் காப்புறுதி கிடையாது. கப்பல் முதலாளிகள் வாஷிங்டனுக்குப் போனார்கள். 1907இல் அமெரிக்க நாடாளுமன்றம் 75,000 டாலர் ஒதுக்கியது. ஏழை மாலுமிகள் செத்ததற்காக விளக்கு வந்ததா, காப்புறுதி இல்லாத இரும்புக்காக வந்ததா என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனாலும் வந்தது. அப்போது அங்கே சாலை கிடையாது. செங்கல், சிமெண்ட், இரும்பு, ஆட்கள் எல்லாமே படகில் வந்து, பாறை உச்சியில் பொருத்திய நீராவிப் பளுதூக்கியால் மேலே ஏறின. 1910 ஜூலை 31ஆம் தேதி விளக்கை முதன்முதலாக ஏற்றினார்கள்.

இன்று அதை மினசோட்டா வரலாற்றுக் கழகம் பராமரிக்கிறது. விளக்குக் காவலர்கள் குடியிருந்த மூன்று வீடுகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக நிற்கின்றன. அதில் ஒரு வீட்டை 1920களில் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். அடுப்பு, தண்ணீர்க் குடம், படுக்கை, இஸ்திரிப் பெட்டி எல்லாம் அப்படியே. எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்தவர் பித்தளைப் பொத்தான் வைத்த கருநீலக் கோட்டும் தொப்பியும் அணிந்திருந்தார். அந்தக் காலக் காவலர் சீருடையாம்.

அதுவரை காரிலும் வீட்டிலும் அதிகம் பேசாத அப்பா, அந்தப் பொத்தான்களைப் பார்த்ததும் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

“பாலிஷ்?” என்று கேட்டார்.

தினமும் தேய்க்க வேண்டும் என்றார் அவர். பொத்தான் மட்டுமில்லை, விளக்கின் பித்தளை பாகங்கள், எண்ணெய் டப்பா, குப்பை அள்ளும் முறம்வரை. மேலதிகாரிகள் எப்போது சோதனைக்கு வருவார்கள் என்று சொல்ல மாட்டார்களாம்.

“பிராஸோ,” என்று அப்பா எங்களைப் பார்த்துச் சிரித்தார். “எங்களுக்கும் அதே கதைதான்.”

அப்பா ரயில்வேயில் கேட் கீப்பர். பேராக்கில் ஒரு சிறிய ஸ்டேஷனுக்கும் தோட்டத்துக்கும் நடுவே சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் 31 ஆண்டுகள் கேட்டை மூடித் திறந்தவர். பெரும்பாலும் இரவு ஷிப்ட். கேட்டுக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். ஸ்டேஷனிலிருந்து போன் மணி அடிக்கும், அப்பா எடுப்பார், ரயில் நம்பரையும் நேரத்தையும் புத்தகத்தில் எழுதுவார், கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டுவார், பச்சைக் கண்ணாடி திருப்பிய கைவிளக்கோடு போய் நிற்பார். ரயில் தாண்டியதும் திறப்பார். நானும் தம்பியும் “சத்தம் போடாதீங்க, அப்பா தூங்குறாரு” என்ற ஒரே வாக்கியத்தில் வளர்ந்தவர்கள். ரேடியோவைக் காதோடு வைத்துத்தான் பாட்டு கேட்போம். பள்ளிக்கூட நண்பர்களை வீட்டுக்குக் கூட்டி வந்ததே இல்லை. அதில் எனக்கு ரொம்ப நாள் வருத்தம் இருந்தது.

கோபுரத்துக்குள் இரும்புச் சுழல் படிக்கட்டு. அப்பா மெதுவாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே போனதும் எல்லோருமே கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் நின்றோம். அந்தக் கண்ணாடி வில்லையை நேரில் பார்க்க வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். இரண்டு சிப்பிகளை முதுகோடு முதுகாகச் சேர்த்து வைத்தது போன்ற வடிவம். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு வட்டக் கண்ணாடி, அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டை தீட்டிய கண்ணாடிப் பட்டகங்கள். ஃபிரெனெல் என்ற பிரெஞ்சு அறிஞர் 1820களில் கண்டுபிடித்த முறை. நடுவே எரியும் விளக்கு சிறியதுதான். எல்லாத் திசையிலும் சிதறிப்போகும் அதன் ஒளியை இந்தப் பட்டகங்கள் பிடித்து, வளைத்து, ஒரே கற்றையாக ஏரியைப் பார்த்து அனுப்பிவிடும். பாரிஸில் செய்து கப்பலில் வந்த வில்லை இது. இதன் ஒளி 22 மைல், அதாவது 35 கிலோமீட்டர் வரை தெரியும் என்று அதிகாரபூர்வமாகச் சொல்வார்கள். கிள்ளானில் ஏற்றிய விளக்கைக் கோலாலம்பூரில் இருந்து பார்க்கிற கணக்கு.

இத்தனை கனமான கண்ணாடியும் பாதரசத் தொட்டி ஒன்றில் மிதக்கிறது. அதனால் விரலால் தள்ளினாலே நகரும். சுற்ற வைப்பது ஒரு கடிகார இயந்திரம். பழைய தாத்தா கடிகாரம் மாதிரி, கோபுரத்தின் நடுவே சங்கிலியில் தொங்கும் பளு மெல்ல மெல்லக் கீழே இறங்கும், அந்த இழுப்பில் வில்லை சுற்றும். இருபது விநாடிக்கு ஒரு முழுச் சுற்று. இரண்டு முகம் இருப்பதால் கப்பலில் இருப்பவருக்குப் பத்து விநாடிக்கு ஒரு மின்னல் தெரியும். பளு அடிக்குப் போய்விட்டால் இயந்திரம் நின்றுவிடும். அதற்குள் காவலர் கைப்பிடியைச் சுற்றிப் பளுவை மறுபடியும் மேலே ஏற்ற வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

அப்பா தன் ஸ்டேஷன் இங்கிலீஷில் கேட்டார்: “சார், இஃப் மேன் ஸ்லீப்?”

சீருடைக்காரர் அந்தக் கேள்வியை எதிர்பார்த்தவர் போலத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். தம்பி தமிழில் சொன்னான். விளக்கு அணையாது, ஆனால் சுற்றாது. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இதற்குப் பத்து விநாடி. இருட்டில் மாலுமி விநாடியை எண்ணித்தான் இது ஸ்ப்ளிட் ராக் என்று தெரிந்துகொள்வார். சுற்றாமல் நின்ற விளக்கு அவருக்கு வேறு ஏதோ ஒரு விளக்கு. அதை நம்பித் திரும்பினால் பாறைதான்.

“அப்ப எரிஞ்சா மட்டும் பத்தாது,” என்றார் அப்பா. பிறகு மலாயும் ஆங்கிலமும் கலந்து அவரே அடுக்கடுக்காகக் கேட்க ஆரம்பித்தார். எத்தனை பேர்? மூன்று பேர், ஒரு தலைமைக் காவலர், இரண்டு உதவியாளர்கள், இரவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பனி மூட்டம் வந்தால்? பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் இயந்திரத்தை ஓட்டி ஊதல் ஒலி எழுப்ப வேண்டும், மூட்டம் கலையும்வரை. லீவு? குளிர்காலத்தில் ஏரி உறைந்து கப்பல் நின்றால் லீவு, பனி உருகினால் திரும்ப வேலை. என்ன விளக்கு? தொடக்கத்தில் மண்ணெண்ணெயை ஆவியாக்கி மேண்டிலில் எரிக்கும் விளக்கு. “பெட்ரோமேக்ஸ்!” என்று அப்பா என் கையைத் தட்டினார். 1940இல்தான் மின்சாரம் வந்தது, அப்புறம் 1000 வாட் பல்பு. கடிதம், சாமான்? சாலை வருவதற்கு முன் எல்லாமே படகில். முதல் ஆண்டே, 1910 அக்டோபரில், கடிதம் வாங்கி வரப் பாய்மரப் படகில் போன இரண்டு உதவியாளர்களும் ஏரியில் மூழ்கி இறந்துவிட்டார்கள். விளக்கு ஏற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

1924இல் கரையோரச் சாலை திறந்தது. அதன்பின் சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கினார்கள், காவலர்களுக்கு விளக்கைப் பார்த்துக்கொள்வதோடு விருந்தாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் சேர்ந்தது. கப்பல்களில் ராடார் போன்ற கருவிகள் வந்தபின் இந்த விளக்குக்கு வேலை இல்லாமல் போனது. 1969இல் அணைத்துவிட்டார்கள்.

மற்றவர்கள் கீழே இறங்கினார்கள். அப்பா அந்தக் கைப்பிடி பக்கத்திலேயே நின்றார். நானும் நின்றேன்.

“உங்கம்மா இருந்தாளே,” என்றார், “அவளும்தான் தூங்கினதில்ல.”

எனக்குப் புரியவில்லை.

ராத்திரி போன் மணி அடிக்கும்போது குவார்ட்டர்ஸில் அம்மாவுக்கும் கேட்குமாம். அம்மா எண்ணுவாராம். மூன்று மணிக்குள் அப்பா போனை எடுத்துவிட்டால் திரும்பிப் படுத்துக்கொள்வார். மூன்றைத் தாண்டினால் ஜன்னலைத் திறந்து கூப்பிடுவார். பன்னிரண்டுக்கு மேல் மெயில் ரயில், இரண்டு மணிவாக்கில் கூட்ஸ், நாலுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் எழுந்து, எண்ணி, படுத்து. காலையில் எங்களுக்குத் தோசை ஊற்றி, சடை பின்னி, பள்ளிக்கு அனுப்பியதும் அதே அம்மாதான்.

“கூப்பிட வேண்டி வந்துச்சாப்பா?” என்று கேட்டேன்.

“ரெண்டு தடவை,” என்றார். “முதல் தடவை கூட்ஸ். நான் ஓடிப்போய்ச் சாத்திட்டேன். ரெண்டாவது தடவை ஏழு, எட்டு மணி அடிச்சிருச்சு. சாலையில எஸ்டேட் லோரி வருது. உங்கம்மா கத்திக்கிட்டே வெறுங்காலோட ஓடிவந்து அவளே கேட்டை இழுத்தா. நான் முழிச்சிப் பார்க்கிறப்ப அவ பூட்டிக்கிட்டு நிக்கிறா. நீ ரெண்டாம் வகுப்பு படிச்சே.”

அவ்வளவுதான் சொன்னார். குரலில் மாற்றம் எதுவும் இல்லை. ஏதோ புத்தகத்தில் எழுதிய நேரத்தை வாசிப்பவர் போலச் சொன்னார். அந்த இரவைப் பற்றி அம்மா எங்களிடம் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அந்த ஜன்னலைப் பற்றி நினைத்துக்கொண்டேன். கொசு வலை கட்டாத ஜன்னல் அது ஒன்றுதான். சீக்கிரம் திறக்க வசதியாக விட்டிருந்தார் போலும்.

கீழே இறங்கியபோது மணி நாலரை. சூரியன் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. நவம்பர் 10ஆம் தேதியைத் தம்பி காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்திருந்தான். 1975இல் அதே தேதியில் ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரல்ட்’ என்ற 222 மீட்டர் நீளக் கப்பல், சுமார் 26,000 டன் இரும்புத் தாது உருண்டைகளோடு இந்த ஏரியில் புயலில் மூழ்கியது. இருந்த 29 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பின்னால் வந்த கப்பல் வானொலியில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்குச் சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்று கேப்டன் சொன்னார். அதுதான் கடைசிப் பேச்சு. சிறிது நேரத்தில் ராடாரில் கப்பல் இல்லை. கோர்டன் லைட்ஃபுட் என்ற கனடியப் பாடகர் அடுத்த ஆண்டே இதைப் பாட்டாக்கியதால் அமெரிக்காவில் இந்தப் பெயரைத் தெரியாதவர் குறைவு. ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளில் அந்த 29 பேருக்காக ஸ்ப்ளிட் ராக் விளக்கை மறுபடியும் ஏற்றுகிறார்கள்.

நூற்றுக்கணக்கான பேர் குளிரில் நின்றார்கள். குழந்தைகள் தோள்களில். ஒருவர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி. கேப்டன் பெயர், சமையல்காரர் பெயர், எண்ணெய் போடுகிறவர் பெயர், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சத்தம். இருபத்தொன்பது முடிந்தது. பிறகு முப்பதாவதாக ஒரு மணி, இந்தப் பெரிய ஏரிகளில் பெயர் தெரிந்தும் தெரியாமலும் போன எல்லோருக்குமாக. அதன் பிறகு மேலே வெளிச்சம் வந்தது.

நான் எதிர்பார்த்தது போலக் கண்ணைக் கூசும் வெளிச்சம் இல்லை அது. ஒரு கற்றை தலைக்கு மேலே சத்தமில்லாமல் போனது. பிறகு இருட்டு. என் மருமகள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். பத்தில் மறுபடியும் வந்தது. அவளுக்கு அது பிடித்துவிட்டது, எண்ணிக்கொண்டே இருந்தாள்.

தம்பி அப்பாவிடம் இன்னொன்றும் சொன்னான். ஃபிட்ஸ்ஜெரல்ட் போய்ச்சேரப் பார்த்த இடத்தில், ஏரியின் கிழக்குப் பக்கம் ஒயிட்ஃபிஷ் பாயிண்ட் என்ற முனையில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. அன்று மாலை புயலில் மின்சாரம் போய், அந்த விளக்கும் அங்கிருந்த ரேடியோ வழிகாட்டியும் வேலை செய்யவில்லை. கேப்டன் வேறு கப்பல்களைக் கூப்பிட்டு அந்த விளக்கு தெரிகிறதா என்று கேட்டிருக்கிறார்.

“அங்க ஆள் இல்லையா?” என்றார் அப்பா.

“இல்லப்பா. அதுக்கு நாலு வருஷத்துக்கு முன்னாடிதான் ஆட்டோமேட்டிக் ஆக்கினாங்க.”

கப்பல் மூழ்கியதற்கு அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. அலை, பாரம், மேல்தளத்து மூடிகள் என்று பல காரணங்களை இன்றுவரை வாதிடுகிறார்கள். கரை ஒதுங்கும் முன்பே கப்பலில் தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. தம்பியும் அதைத்தான் சொன்னான். அப்பா தலையாட்டினார்.

ஆளில்லாத கேட், ஆளில்லாத விளக்கு என்று அப்பா இப்போது ஆரம்பித்துவிடுவார் என்று நினைத்தேன். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கும் அந்தக் காலம்தான் பொற்காலம். அப்பா அந்த வகை இல்லை. இரட்டைத் தண்டவாளம் போட்டபோது அவருடைய கேட்டை எடுத்துவிட்டு மேம்பாலம் கட்டினார்கள். அதைப் பற்றித் தம்பி மனைவி கேட்டதற்கு, “மேம்பாலம் நல்லதும்மா. அதுல யாரும் தூங்கிப்போக முடியாது,” என்றார்.

விழா முடிந்ததும் கோபுரத்தில் மறுபடியும் ஏற விட்டார்கள். இருட்டில், விளக்கு எரியும்போது மேலே ஏறிப் பார்க்க வழக்கமாகக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். வரிசை நீளம். குழந்தைக்குக் குளிர் தாங்காது என்று தம்பி மனைவி அவளைக் காருக்குக் கூட்டிப்போனாள். அப்பா வரிசையில் நின்றார், நாற்பது நிமிடம். மேலே போனபோது வில்லை சுற்றிக்கொண்டிருந்தது. பகலில் கண்ணாடியாக இருந்தது இப்போது உயிருள்ள ஏதோ ஒன்று போல இருந்தது. அதன் ஓரங்களில் வானவில் நிறங்கள் ஓடின. அப்பா பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி ஐந்து நிமிடம். எதற்குப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

அப்பா எங்கே இருப்பது என்ற பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் முடிந்தபாடில்லை. தம்பிக்கு அவன் கணக்கு, எனக்கு என் கணக்கு. அப்பா ஜனவரியில் என்னோடு திரும்பி வந்தார், பேராக்கில்தான் இருக்கிறார், அடுத்த நவம்பருக்குள் மறுபடி வருகிறேன் என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறார். அன்றிரவு கார் பார்க்கில் நான் தம்பியைத் தனியே நிறுத்தி, மேலே அப்பா சொன்னதைச் சொன்னேன். அவன் நெடுநேரம் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். அவன் பிறப்பதற்கு முன் நடந்தது அது. தூக்க மாத்திரைப் பேச்சை அதன் பிறகு அவன் எடுக்கவில்லை.

திரும்பும்போது அப்பா முன் சீட்டில் உட்காருகிறேன் என்றார். பின்னால் நாங்கள் மூவரும். டூ ஹார்பர்ஸில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காப்பி வாங்கினோம். டுலூத் தாண்டும்போதே குழந்தையும் அவள் அம்மாவும் தூங்கிவிட்டார்கள். எனக்கும் கண் சொக்கியது. நவம்பர் மாதம் அங்கே மான்கள் சாலையில் குறுக்கே பாயும் காலம், காரில் மோதி ஆள் இறப்பதும் உண்டு என்று தம்பி சொன்னது அரைத் தூக்கத்தில் காதில் விழுந்தது.

“நீ ரோட்டைப் பாரு,” என்று அப்பா சொன்னார். “ஓரத்த நான் பாத்துக்கிறேன்.”

எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியவில்லை. கார் வேகம் குறைந்தபோது விழித்தேன். வெளியே முழு இருட்டு. அப்பா கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“எடது பக்கம், தம்பி. ரெண்டு கண்ணு தெரியுது பாரு. மெதுவா போ.”

தம்பி மெதுவாகப் போனான்.